மெர்சி மேடத்துக்கு ஒரு படி உப்பு

சித்திரை 8, திங்கள்

விடியும்போதே வெயில். காற்றே இல்லை. மாடியில் போட்ட வடாம் மத்தியானத்துக்குள் கலகல என்று காய்ந்துவிட்டது. உப்பளத்துக்கு இந்த வெயில் வரம், எனக்குத் தலைவலி. இரண்டும் ஆத்தா கொடுத்தது. நன்றி.

வாங்க வேண்டியவை: கற்பூரம். வெந்தயம். கவிதாவுக்குப் பேரீச்சம்பழம் (ரத்தம் குறைவு). என் வீட்டுக்காரருக்கு ரப்பர் செருப்பு, பழையதை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது.

கவிதா என் தம்பி மகள். (இனி க. என்றே எழுதுகிறேன். விரல் வலி.) பொம்மையார்பாளையத்தில் தம்பி மாடி கட்டுகிறான், நாள் முழுக்க டிரில் மிஷின் சத்தம், அங்கே உட்கார்ந்து வேலை பார்க்க முடியவில்லை என்று தை மாசமே இங்கே வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் வேலை. கம்பெனி புதுச்சேரியில், வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸில் போய் வருவாள். மற்ற நாளெல்லாம் நம் நடு அறைதான் ஆபீஸ். கிளினிக்குகளுக்கு சாப்ட்வேர் செய்கிறார்கள். எந்த நோயாளி என்றைக்கு வர வேண்டும், என்ன மாத்திரை என்று கம்ப்யூட்டரே ஞாபகம் வைத்துப் போனுக்கு மெசேஜ் அனுப்பும். புண்ணியமான வேலை.

நடு அறைக்குக் கதவு இல்லை, திரைதான். அதனால் காலை மீட்டிங் முழுவதும் சமையலறைக்கு வந்துவிடும். நான் குழம்பு கிண்டிக்கொண்டே கம்பெனி நடத்துகிறேன் என்று அவர் கேலி.

போன வருஷம் இவள் கோழி கூவும் வரை விழித்திருந்தாள். தலைமுடி கொத்தாக வந்தது. இப்போது ஏஐ என்று ஒன்று வந்திருக்கிறது. என்ன வேண்டும் என்று இவள் எழுதினால் அது வேலையைச் செய்து கொடுக்கிறது. தப்பு என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி செய்கிறது. முகம் சுளிப்பதில்லை. இப்படி மருமகள்கள் அமைந்தால் தெருவில் பாதிச் சண்டை இருக்காது. பொழுது சாயும்போது லேப்டாப்பை மூடிவிட்டு சூடாகத் தோசை சாப்பிடுகிறாள். அந்த ஒன்றுக்காகவே, அது எதுவாக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று விளக்கேற்றும்போது சொல்லிவிடுகிறேன்.

க.வின் மேனேஜர் மெர்சி மேடம். சென்னையில் இருக்கிறார்கள். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் தெரியும். சத்தம் போட மாட்டார்கள். ஆனால் ஒரே கேள்வி. என்ன வேலை என்றாலும், "இது தப்பாப் போனா யாருக்குக் கஷ்டம்?" தினமும். மீட்டிங் முடிந்ததும் க. அதே மாதிரி மூக்கால் பேசிக் காட்டுவாள். நான் சிரிப்பேன்.

சாயங்காலம் முதலாளி போன். க. திரையை இழுத்துவிட்டுப் பேசினாள். அப்புறம் சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏஐ டூல் எல்லாம் வந்த பிறகு மேனேஜர் என்று ஓர் ஆள் தேவையா என்று முதலாளி யோசிக்கிறாராம். நீதான் மேடத்தோடு நெருங்கி வேலை பார்க்கிற ஆள், நாளைக்கு உன் மனசில் பட்டதைச் சொல் என்றாராம். மேடம் வேண்டாம் என்று முடிவானால் டீமை இவளே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு லீட் என்று பெயர்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்.

சித்திரை 9, செவ்வாய்

குளித்து முடித்து நேராக அம்மன் கோயில். எங்கள் ஊர்ப் பக்கம் எது வேண்டிக்கொண்டாலும் பலிபீடத்தில் உப்பும் மிளகும் கொட்டுவோம். க.வுக்கு அந்த மேடம் இடம் கிடைக்கணும், கிடைத்தால் ஒரு படி உப்பும் மிளகும் என்று வேண்டிக்கொண்டேன். பூசாரி விபூதி கொடுத்தார். வரும் வழியில் மீன்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன், நம்ம கவிதா பெரிய ஆளாகப் போறா என்று. சொல்லியிருக்கக் கூடாது. வாய் நிற்காது.

காலை மீட்டிங்கில் புது வேலை பற்றிப் பேச்சு. கூனிமேட்டுப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு கிளினிக், நம் கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லாம் அங்கேதான் போகிறார்கள். ஒரே நோயாளி பெயரை இரண்டு தடவை, மூன்று தடவை பதிந்து வைத்திருக்கிறார்களாம். பெயர், இனிஷியல், போன் நம்பர், பிறந்த தேதி எல்லாம் ஒத்துப் போனால் ஒரே ஆளாகச் சேர்த்துவிட வேண்டும். க. சொல்லச் சொல்ல ஏஐ எழுதியது. நான் கீரை ஆய்ந்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. சரியா தப்பா என்று பரீட்சையும் அதுவே வைத்து அதுவே பாஸ் ஆகிவிட்டது.

மேடம் வழக்கம்போல. "ரெண்டு ஆளு ஒரே ஆளா ஆகியிருக்க மாட்டாங்களா? சேர்த்த லிஸ்ட்ல இருந்து பத்து பேருக்கு போன் பண்ணிப் பாரு கவிதா. அப்புறம் வெளிய விடலாம்."

க. சரி மேடம் என்றாள். போனை வைத்ததும், "இந்தக் காலத்துல உக்காந்து போன் பண்ணணுமாம் அத்தை. நான் என்ன கால் சென்டரா?" என்றாள். நானும் தலையாட்டினேன்.

மத்தியானம் முதலாளி போன். திரைக்கு இந்தப் பக்கம் நான் அப்பளம் பொரிக்கவில்லை, எண்ணெய் சத்தத்தில் காது கேட்காது என்று. க. சொன்னது அப்படியே: "இல்ல சார். மேடம் இல்லாமயே ஓடும். அவங்க கேள்வி கேக்கறாங்க, அவ்ளோதான். மத்ததெல்லாம் டூல் செஞ்சிடுது, நாங்க பாத்துக்கறோம்."

சேமியா பாயசம் வைத்தேன்.

அவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் உப்பளத்தில் மேஸ்திரி. பாத்தி பாத்தியாக நடந்து, எதில் தண்ணீர் விடுவது, எதில் உப்பு வாருவது என்று ஆட்களிடம் சொல்வதுதான் வேலை. கால் நனையாத சம்பளம் என்று தெருவில் பேசுவார்கள். பாயச டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நானும் கேள்வி கேக்கற ஆளுதான்," என்றார்.

"உங்களுக்கு என்ன, மோட்டாரு வந்தும் உங்கள வெச்சிருக்காங்க இல்ல."

"மோட்டாருக்கு எப்ப நிக்கணும்னு தெரியாது. அதனால வெச்சிருக்காங்க."

போன பங்குனியில் மோட்டாரைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் இவர் தூங்கிப்போய் மூன்று பாத்தி வழிந்ததை ஞாபகப்படுத்தினேன். பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சித்திரை 10, புதன்

வெயில் அதே. கொஞ்சம் தெற்குக் காற்று.

அம்மன் கோயில் நீர்மோர்ப் பந்தலுக்கு நோட்டீஸ் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். க. அதை ஏஐயிடம் எழுதச் சொன்னாள். "பேரன்பு மிக்க பக்தகோடிப் பெருமக்களே, கோடையின் கொடுமையினின்று" என்று ஆரம்பித்தது. படிப்பதற்குள் தாகம் எடுத்துவிட்டது. மோர் கொடுக்கிறோம் வாங்க என்று எழுதச் சொன்னேன். உடனே மாற்றிக் கொடுத்தது, கோபப்படாமல். பந்தலில் ஒட்டியாயிற்று. நன்றி.

மேடம் காலையில் கேட்டது: "கவிதா, போன் பண்ணியாச்சா?"

இவள் சொன்னது: "பாத்தாச்சு மேடம்."

கம்ப்யூட்டரில் பார்த்தாள், உண்மைதான். போனை எடுத்ததை நான் பார்க்கவில்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். கொத்தமல்லி வாடிக்கொண்டிருந்தது, அதைக் கவனித்தேன்.

மேடம் அப்போ சரி என்றார்கள். வேலை வெளியே, கிளினிக் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. க. சாயங்காலம் கூனிமேட்டுக்குப் போய் வளையல் வாங்கி வந்தாள். எனக்கும் ஒரு ஜோடி. பச்சை. கொஞ்சம் சின்னது, சோப்புப் போட்டு ஏற்றினோம்.

சித்திரை 11, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மேல் சின்ன பச்சையம்மா வந்தாள். எதிர் வரிசையில் மூன்றாவது வீடு. அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள், இரண்டு பேருக்கும் பச்சையம்மாள் என்றுதான் பெயர். பிறந்த வீட்டுக் குலதெய்வம் இரண்டு பேருக்கும் பச்சையம்மன், தலைப்பிள்ளைக்கு வேறு பெயர் வைக்க மாட்டார்கள். அதனால் பெரிய பச்சை, சின்ன பச்சை. கிளினிக்கில் இருந்து ஆட்டோவில் வந்தவள் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தாள். ஒரே சிரிப்பு.

"எனக்கு தைராய்டுக்குத் தானே பாக்கறாங்க. இன்னைக்குப் போனா மருந்து குடுக்கற பொண்ணு, சர்க்கரைக்கு ரெண்டு வேளை போடுங்கன்னு அட்டைய நீட்டுது. எனக்கு ஏதும்மா சர்க்கரை, நான் பாயசமே ரெண்டு டம்ளர் குடிப்பேன், அது எங்க பெரியக்காவுக்குன்னு சொன்னேன். அப்புறம் தேடறாங்க தேடறாங்க, கம்ப்யூட்டர்ல பச்சையம்மான்னு நான் ஒருத்திதான் இருக்கேன், பெரியக்கா கெடையாது. ஆளையே காணாம அடிச்சிட்டாங்க."

நானும் சிரித்தேன். திரை விலகியது. க. நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் அப்புறம் சொல்ல வேண்டியிருந்தது. பெரியவள் வீட்டுக்காரர் ஏழுமலை, சின்னவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம், அண்ணன் தம்பி. இரண்டு பேருக்கும் இனிஷியல் ஏ. வீட்டுக்கு ஒரே போன் நம்பர், பெரியவள் மகனுடையது. பிறந்த தேதி ஜூன் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. வருஷமும் ஒன்றே. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான், எனக்கும் அதுதான். ஏஐ நாலையும் பார்த்தது, நாலும் ஒத்துப் போனது, இரண்டு பெண்களை ஒருத்தி ஆக்கிவிட்டது. அதன் மேல் என்ன தப்பு சொல்வது? கேட்டதைச் செய்தது. இந்தத் தெருவிலேயே மூன்று மாதமாக இருக்கிற க.வுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

க. மேடத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் இருந்தது. யார் செய்தது, எப்படி ஆனது என்று மேடம் கேட்கவில்லை. முதல் கேள்வி: "அவங்க மாத்திரை போட்டுட்டாங்களா?" இல்லை என்றதும் அடுத்தது: "அப்ப பெரியவங்க? அவங்களுக்கு இன்னைக்கு மாத்திரை இருக்குதா? நீயே போய்ப் பாத்துட்டு வா. கம்ப்யூட்டர நான் பாத்துக்கறேன்."

க. செருப்புப் போடாமல் ஓடினாள். பெரிய பச்சை வீட்டில் நல்ல வேளையாகப் பழைய அட்டையில் மிச்சம் இருந்தது. ஆத்தா காப்பாற்றினாள். திரும்பி வருவதற்குள் மேடம் அந்த வேலையை நிறுத்தி, பழைய லிஸ்ட்டையே திரும்பப் போடச் செய்துவிட்டார்கள். கிளினிக்குக்கும் அவர்களே பேசியிருக்கிறார்கள்.

மத்தியானம் மீட்டிங். முதலாளி சத்தம் எதிர் வீடு வரை கேட்டிருக்கும். இது யார் பொறுப்பு என்று மூன்று முறை கேட்டார்.

மேடம் சொன்னார்கள்: "வெளிய விடலாம்னு சரி சொன்னது நான் சார். என் பொறுப்பு."

"அப்ப நீங்க எதுக்கு இருக்கீங்க?"

நாளைக்குப் பேசி ஒரு முடிவு எடுக்கலாம் என்று முதலாளி வைத்துவிட்டார். இவ்வளவு நேரமும் க. மைக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிடவில்லை. மோர் கொண்டுபோய் வைத்தேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவங்க போன் பண்ணச் சொன்னாங்க அத்தை. நான் பண்ணல. பாத்தாச்சுன்னு சொன்னேன்."

"தெரியும்."

"செவ்வாக்கெழம நான் சார் கிட்ட சொன்னது அவங்களுக்குத் தெரியாது. தெரியாமயே எனக்காகத் திட்டு வாங்கறாங்க."

"நானும் வேண்டிக்கிட்டேன்டி," என்றேன். "அவங்க இடம் உனக்கு வரணும்னு. ஒரு படி உப்பு."

மோரை நானே குடித்தேன்.

சித்திரை 12, வெள்ளி

நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முதல் ஆளாகக் கோயில். பூசாரி அப்போதுதான் பலிபீடம் கழுவிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை வேண்டிக்கொண்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள என்ன முறை என்று கேட்டேன். துடைப்பத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா சரோஜா, செவ்வாக்கெழம போட்ட மனு. ஆத்தா இன்னும் பிரிச்சே பாத்திருக்க மாட்டா."

"அதான் சாமி, பிரிக்கறதுக்குள்ள எடுத்துக்கலாம்னு."

"வேண்டிக்கறதுக்குத்தான் முறை இருக்குது. திருப்பி வாங்கறதுக்கெல்லாம் இல்ல. மேல இன்னொண்ணு போட்டு வை. கடைசியா சொன்னதுதான் காதுல நிக்கும்."

போட்டேன். மெர்சி மேடத்துக்கு வேலை போகக் கூடாது, அதற்கு ஒரு படி. முன்னே சொன்ன ஒரு படி சொன்னதுதான், அது எதற்கும் இல்லை, சும்மா எடுத்துக்கொள் தாயே. க.வுக்கு எது நல்லதோ அது. லீட் என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் க. தலை பின்னி, நல்ல சுடிதார் போட்டு, லேப்டாப் முன்னால். கண் வீங்கியிருந்தது. மீட்டிங் ஆரம்பித்தது. முதலாளி ஏதோ கணக்குப் போட்டு வைத்திருந்தார் போல, டூல் எல்லாம் இருக்கும்போது டீம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். நான் திரைக்குப் பக்கத்திலேயே நின்றேன், கையில் கரண்டியோடு.

க. நடுவில் பேசினாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"சார், மேடம் பத்து பேருக்கு போன் பண்ணிப் பாக்கச் சொன்னாங்க. நான் பண்ணல. பண்ணின மாதிரி சொல்லிட்டேன். செவ்வாக்கெழம உங்க கிட்ட மேடம் இல்லாம ஓடும்னு சொன்னதும் நான்தான். அது தப்பு சார். மூணு நாள் கூட ஓடல."

லேப்டாப் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். வேலை போய்விடும் என்றும் நினைத்தேன். தம்பிக்கு என்ன சொல்வது. மாடி பாதியில் நிற்கிறது.

அப்புறம் மேடம் குரல். ஒன்றுமே நடக்காத மாதிரி.

"சரி கவிதா. இதே மாதிரி வேற யார் யார் ஒண்ணா சேர்ந்திருந்தாங்கன்னு டூல் கிட்ட கேளு. வீட்டுக்கு ஒரே நம்பர், ஜூன் ஒண்ணு, இதெல்லாம் சொல்லிக் கேளு. வர்ற லிஸ்ட்ட பிரிச்சுக்கலாம். எல்லாருக்கும் போன் பண்ணி நேரா கேட்டுடணும். சார், உங்களுக்கும் ஒரு பங்கு அனுப்பறேன்."

முதலாளி "எனக்கா?" என்றார்.

"ஆமா சார். ஆள் கம்மி."

நான் காபி கலந்து ஆற்றுவதற்குள் ஏஐ சந்தேகமான பெயர்களை எல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டது. எது அண்ணன் தம்பி வீடு, எது அம்மா மகள் வீடு என்று ஊகம் கூடச் சொல்லியிருந்தது. கையால் பார்த்தால் இந்த மாசம் முழுக்க ஆகியிருக்கும் என்றாள் க. அதற்கும் நன்றி. என்ன கேட்க வேண்டும் என்று மேடம் சொன்னார்கள், கேட்டதைத் தேடி அது எடுத்து வைத்தது. யாருக்கு முதலில் கற்பூரம் காட்டுவது என்று தெரியவில்லை.

முடிவு எதுவும் சொல்லாமலே மீட்டிங் முடிந்தது.

சித்திரை 13, சனி

லீவு நாள். ஆனாலும் நடு அறையில் காலையில் இருந்து போன்.

காதில் விழுந்தவை:

"இல்லங்க, கடன் ஆபீஸ் இல்ல. கிளினிக்குக்காகப் பேசறோம்."

"உங்க வீட்ல எத்தனை ஏழுமலை இருக்காங்க?"

"தாத்தா, உங்க பேரன் கிட்ட குடுங்க. அவரும் ஏழுமலையா? சரி, வேற யாராவது."

"சாப்ட்டேன் பாட்டிம்மா. நீங்க சாப்ட்டீங்களா? அந்த வெள்ளை மாத்திரை காலையிலயா, ராத்திரியா?"

நான் ஒரு தடவை போனை வாங்கிப் பேசினேன், பேசியதில் அந்த அம்மா வீட்டு வளைகாப்பு வரை போய்விட்டது. க. பிடுங்கிக்கொண்டாள்.

இரண்டு ஆள் ஒரு ஆளாகக் கிடந்த வீடுகள் நிறைய. யாருக்கும் மாத்திரை மாறிப் போகவில்லை. இன்னும் ஒரு நாள் கழித்துத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. நினைக்க வேண்டாம்.

மத்தியானம் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. அவர் பங்குக்கு ஒரு பெரியவரிடம் பேசினாராம். நீ எந்த ஊருப்பா, உங்க அப்பா யாரு என்று அவர் இவரை விசாரித்துவிட்டுத்தான் தன் பெயரையே சொன்னாராம். ஒரு போனுக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது என்றார். மேடம் இருப்பார்கள், அதில் பேச்சு இல்லை என்றார். இனி டூல் எந்த வேலையை முடித்தாலும் வெளியே விடும் முன்னால் மேடம் கேட்கும் கேள்விக்கு ஓர் ஆள் பதில் சொல்லியே ஆக வேண்டும். க.வுக்கு லீட் இல்லை. வேலை இருக்கிறது. போதும் தாயே, போதும்.

மேடம் க.விடம் தனியாகப் பேசினார்கள். திட்டினார்களா என்று கேட்டேன்.

"இல்ல அத்தை. நான் தேவையில்லன்னு தோணினா அத என்கிட்டயே சொல்லு, அதையும் மீட்டிங்ல பேசிக்கலாம்னாங்க. அவ்ளோதான். அதுக்குத் திட்டியிருக்கலாம்."

அப்புறம் என்னிடம் கொடுக்கச் சொன்னார்களாம். எனக்குப் புடவையைச் சரி செய்துகொள்ளத் தோன்றியது, போனில் தெரியாது என்று அப்புறம்தான் உறைத்தது. கவிதாவை நேரத்துக்குச் சாப்பிட வைக்கிறீங்க, அவ முகத்துலயே தெரியுது, ரொம்ப நன்றி ஆன்டி என்றார்கள். என்னிடம் நன்றி சொல்கிறார்கள். உப்பு விஷயம் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு வேறு கேட்டேன்.

"உங்க நட்சத்திரம் என்னம்மா? நாளைக்கு உங்க பேர்ல ஒரு அர்ச்சனை இருக்குது."

சிரித்தார்கள். "எங்க வீட்ல நட்சத்திரம் பாக்கறதில்ல ஆன்டி, நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. பிறந்த தேதி வேணா சொல்றேன், அதுவும் எங்க ஊரு வாத்தியார் போட்டதுதான். ஜூன் ஒண்ணு."

போனை க.விடம் கொடுத்துவிட்டேன்.

சித்திரை 14, ஞாயிறு

புழுக்கம். கடல் பக்கம் கொஞ்சம் கறுப்பு. பறவை ஒன்று கூட இல்லை.

க.வும் கோயிலுக்கு வந்தாள். இரண்டு படி கல்லுப்பு அவர் வேலை பார்க்கும் உப்பளத்தில் இருந்தே, நல்ல பளிங்கு மாதிரி. மிளகு கடையில். பலிபீடத்தில் கொட்டினோம். ஒரு படி மேடத்துக்கு. மற்ற படிக்குக் காரணம் கேட்காதே என்று ஆத்தாவிடம் சொல்லியாயிற்று.

பூசாரி அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். மெர்சி. நட்சத்திரம் தெரியாது.

"தெரியாட்டி பரவால்ல, அம்மன் நட்சத்திரத்துலயே பண்ணிடலாம். வேற பேரு?"

க. என் முழங்கையை இடித்தாள். "அதுக்கும் ஒண்ணு சொல்லு அத்தை. அதுவும்தான் ராவும் பகலும் உழைக்குது."

பூசாரியிடம் எப்படிச் சொல்வது. ஏஐ என்றேன். அவர் இன்னொரு தடவை கேட்டுவிட்டு, அதுவும் அம்மன் நட்சத்திரம்தானே என்றார். ஆமாம் என்றேன். மணி அடித்தது. க. சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணை மூடினாள், மூடிய கண்ணில் தண்ணீர். குங்குமப் பொட்டலம் இரண்டு. ஒன்று லேப்டாப் பக்கத்தில். மேடத்துடையதைக் கொடுக்கலாமா கூடாதா என்று யோசனை, பூவை மட்டும் எடுத்து க.வின் பையில் வைத்தேன்.

மத்தியானம். மீன் குழம்பு கிடையாது, சாம்பார். அவர் சாப்பிட்டுவிட்டு பேன் காற்றில் படுத்திருக்கிறார். இப்போது மேடத்திடம் இருந்து க.வுக்கு மெசேஜ். கடலோரத்துக்கு மழை சொல்லியிருக்காங்க, வாரின உப்பு வெளியவா கிடக்குது, மாமா கிட்ட கேளு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் உப்புக்கும் கேள்வி.

க. சத்தமாகப் படித்தாள். "மாமா, உப்புக் குவியலுக்கெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடியாச்சா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "பாத்தாச்சு, பாத்தாச்சு."

க. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன்.

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். க. பின்னால் ஏறிக்கொண்டாள். மழை இன்னும் வரவில்லை.